பத்தாவது ஆள்

எழுந்து நின்றான்.

அவன் முன்னால் இருந்த கடைசிக் காயின்களையும் டீலர் இரண்டு கையாலும் வாரி எதிராளி பக்கம் தள்ளினான்.

முடிந்தது.

எழுபத்திரண்டு பேரோடு ஆரம்பித்த போக்கர் சீட்டுப் போட்டி. மிஞ்சியது பத்துப் பேர், டேபிளுக்கு ஐந்து. கோவாவில் ஆற்றின் நடுவே நிற்கும் கப்பல். கண்ணாடிக்கு வெளியே நாலு மணி வெயில்.

சுவரில் பரிசுப் பட்டியல். முதல் ஆளுக்கு நாலரை லட்சம். அப்படியே இறங்கி இறங்கி, ஒன்பதாவது ஆளுக்கு நாற்பதாயிரம்.

பத்தாவது ஆளுக்கு ஒன்றுமில்லை.

அந்தப் பத்தாவது ஆள் அவன்தான்.

கிட்டத்தட்ட.

பக்கத்து டேபிளில் இதே சுற்று இன்னும் முடியவில்லை. பத்துப் பேர் ஆனதுமே சூப்பர்வைசர் விதியைச் சொல்லிவிட்டார். இனி இரண்டு டேபிளும் சுற்றுக்குச் சுற்று சேர்ந்தே ஆட வேண்டும். ஒன்று முடித்தால் மற்றதற்காகக் காத்திருக்க வேண்டும். ஒரே சுற்றில் இந்த டேபிளில் ஒருவர், அந்த டேபிளில் ஒருவர் காலியானால் இருவருமே ஒன்பதாவது. நாற்பதாயிரத்தில் ஆளுக்குப் பாதி.

இருபதாயிரம்.

அவன் கட்டிய நுழைவுக் கட்டணம் சரியாக அதுதான். மனைவியின் ஸ்கூட்டியை விற்ற காசு.

"வண்டி எப்பங்க வரும்?" காலையில்கூடப் போனில் கேட்டாள். சர்வீஸுக்கு விட்டிருப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறான். ஈரோட்டில் வண்டியை வாங்கிய மெக்கானிக் திங்கட்கிழமை வரை பொறுப்பதாகச் சொன்னார். அதற்குள் அதே இருபதாயிரத்தோடு போனால் சாவி கைக்கு வரும். செவ்வாய்க்கிழமை என்றால் வண்டி வேறு ஆளுக்கு.

ஒரு வாரமாக அவள் துணிக்கடை வேலைக்குப் பஸ்ஸில் போகிறாள். நின்றுகொண்டே.

பக்கத்து டேபிளுக்கு நடந்தான். ஓடவில்லை. ஓடினால் தெரிந்துவிடும்.

அங்கே யாரோ இருந்ததையெல்லாம் நடுவில் தள்ளியிருந்தார்கள். சீட்டுகள் திறந்து கிடந்தன. தோற்றால் வெளியே.

யார்?

கூட்டத்தை விலக்கிப் பார்த்தான்.

ஜெசிந்தா அக்கா.

மதிய இடைவேளையில் "தமிழா?" என்று கேட்டு, நேந்திரங்காய் சிப்ஸ் டப்பாவை நீட்டியவள். நாகர்கோவிலில் ஜெராக்ஸ் கடை. ஆள் வராத நேரத்தில் போனில், காசு வைக்காமல் ஆடி ஆடிப் பழகினாளாம். ஒன்பதுக்குள் வந்துவிட்டால் கடைக்கு ஒரு ஏசி.

"மெசின் சூட்டுல ஒரு நா நானே பிரிண்ட் ஆயி வெளிய வந்துருவேன் தம்பி" என்று சிரித்திருந்தாள்.

அவளிடம் இரண்டு ராணிகள். எதிரே கறுப்புக் கண்ணாடி போட்ட டில்லிக்காரனிடம் ஏஸும் கிங்கும். நடுவில் விழுந்த நாலு சீட்டும் யாருக்கும் உதவவில்லை. இன்னும் ஒன்றே ஒன்று பாக்கி.

ஏஸோ கிங்கோ வந்தால் அவள் காலி. ஆளுக்குப் பாதி.

வேறு எது வந்தாலும் இவன் பத்தாவது.

மனம் தானாகவே கணக்குப் போட்டது. கண்ணில் படாத சீட்டு நாற்பத்து நாலு. அதில் ஆறு.

ஆறு போதும்.

அவள் திரும்பினாள். இவனைப் பார்த்ததும் முகம் அப்படியே மாறிவிட்டது.

"வந்துட்டியளா தம்பி! இப்பிடிப் பக்கத்துல நில்லுங்க. ஒத்தையில பயமா இருக்கு."

இவன் வெளியேறியது அவளுக்குத் தெரியாது. தன் சீட்டைவிட்டுக் கண்ணை எடுத்திருந்தால்தானே தெரியும்.

நின்றான்.

அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அத்தனை ஏசி குளிரிலும் அவள் உள்ளங்கை வேர்த்திருந்தது.

"எனக்காவ ஒரு நிமிசம் வேண்டிக்கிடுங்க."

கண்ணை மூடினாள். அவனும் மூடினான்.

ஸ்கூட்டி வந்தது. பஸ் கம்பியைப் பிடித்த வளையல் கை வந்தது. கேட்காமலே நேந்திரங்காய் சிப்ஸின் உப்பும் நாக்கில் வந்தது.

பல்லைக் கடித்தான்.

கிங். கிங். கிங்.

கடைசிச் சீட்டைத் திருப்புமுன் டீலர் விரல் முட்டியால் மேஜையை ஒரு தட்டு தட்டினான்.

கூட்டம் "ஓ" என்றது.

அவள் பிடி இறுகியது. பிறகு தளர்ந்தது. அதிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. இருந்தும் கண்ணைத் திறந்து பார்த்தான்.

கிங்.

டில்லிக்காரன் காயின்களை அடுக்க ஆரம்பித்திருந்தான். அவள் தன் இரண்டு ராணிகளையும் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

சூப்பர்வைசர் வந்தார். ஒன்பதாவது இடம், இரண்டு பேர், ஆளுக்கு இருபதாயிரம் என்று அறிவித்தார். முதலில் அவள் பெயர். அடுத்து இவன் பெயர்.

அவள் நிமிர்ந்தாள்.

"நீங்களும் அவுட்டா?"

தலையாட்டினான்.

"சொல்லவே இல்லியே. உங்க ஆட்டம் போயும், வந்து என் பக்கத்துல நின்னியளே!"

அவள் கண் கலங்கியது. தோற்றபோது கலங்காத கண்.

தளர்ந்திருந்த கை மறுபடி அவன் கையை இறுக்கியது.

"மொத்தமும் போயிருக்கும் தம்பி. நீங்க வேண்டிக்கிட்டதாலதான் பாதியாவது கெடைச்சுது."

அவன் இல்லை என்று சொல்லவில்லை.

வேண்டிக்கொண்டதென்னவோ உண்மைதான்.