பதறி வரும் வரி

மெட்டு, எதுகை, சரணம் எல்லாவற்றையும் இயந்திரமே திட்டமிட்டுவிடும். மனம் பதறும்போது வரும் முதல் வரிக்குத்தான் மனிதன் வேண்டும். அதனால் சோகப் பாட்டென்றால், பாடலாசிரியன் மகிழனின் காதுக்கருவியில் அவன் மனைவியின் குரலிலேயே ஸ்டுடியோ ஒரு பொய்ச் செய்தி அனுப்பும். முதல் தடவை செருப்புகூடப் போடாமல் ஓடினான். இப்போதெல்லாம் உடம்பு நடுங்கினாலும் கை எழுதிவிடும்.

இன்றும் அதே குரல் கேட்டது. "என்னங்க, பாப்பா மாடியிலேருந்து விழுந்துட்டா. கண்ணைத் திறக்க மாட்டேங்குறா. சீக்கிரம் வாங்க."

மகிழன் பல்லவியை எழுதினான். இயந்திரம் குறித்த எதுகைக்காக ஒரு சொல்லை அடித்து, நிதானமாக வேறு தேடிப் போட்டான்.

இசையமைப்பாளர் வாங்கிப் படித்தார்.

"நல்லா வந்திருக்கு. ஆனா நாங்க இன்னும் எதுவும் அனுப்பலையே, மகிழன்."