மாமன் சீராக வந்த சீலிங்

"என் சீலிங் மேல ரம்பம் பட்டுச்சு, அப்புறம் நான் மனுஷனா இருக்க மாட்டேன்!"

ஏணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கத்தினான் விமல். ஏணி உச்சியில் கேஸ் கம்பெனி சுரேஷ்குமார், கையில் ரம்பத்தோடு.

அந்த அஜ்மான் வில்லாவில் சாயங்காலம் சம்யுக்தாவுக்கு வளைகாப்பு. விமல் அவளுடைய தாய்மாமன். ஷார்ஜாவில் இன்டீரியர் வேலை.

ஊரில் மாமன்கள் வளையல் போடுவார்கள். இவன் அக்கா வீட்டுச் சமையலறைக்கும் பாத்ரூமுக்கும் சேர்த்து ஜிப்சம் சீலிங்கே போட்டுவிட்டான். சாதாரண சீலிங்கா அது? முதல் நாள் விளக்கைப் போட்டபோது, ஜன்னல் வழியே வழிந்த வெளிச்சத்தை ரன்வே என்று நினைத்து, ஷார்ஜா போகிற விமானம் ஒன்று சக்கரத்தையே இறக்கிவிட்டது. நம்பாதவர்கள் பைலட்டைக் கேட்டுக்கொள்ளலாம்.

"சார், கேஸ் ஹீட்டரை அணைச்சிட்டேன், ஜன்னலைத் திறந்துட்டேன். ஆனா புகைக்குழாய் இந்தச் சீலிங்குக்கு மேல போகுது. திறந்து பார்க்க ஒரு சின்னக் கதவுகூட இல்ல. பார்க்காம நான் போக முடியாது" என்றான் சுரேஷ்குமார்.

"கதவு வைக்க இதென்ன கோழிக்கூண்டா? டிசைன் கெட்டுப் போயிடும்யா!"

"கம்ப்ளெயின்ட் வந்திருக்கு. வெட்ட விடலேன்னா மொத்த கேஸையும் அடைச்சிட்டுப் போவேன்."

"யாரு குடுத்தான்னு எனக்குத் தெரியும்!" விமலின் அக்கா ஜெயபாரதி கொதித்தாள். "பக்கத்து வீட்டு மெஹர்பானுதான். போன வாரமே, 'என்ன ஜெயா, குழாயைப் பார்க்க வழியில்லாம மூடிட்டியே'ன்னு இழுத்தா. அவ வீட்டுல வெறும் கான்கிரீட்டு. வயித்தெரிச்சல்!"

நாற்காலியில் சுருண்டிருந்த சம்யுக்தா முனகினாள். "மாமா, கத்தாதீங்க. காலைல குளிச்சதிலேர்ந்து தலை சுத்துது."

"ஏழு மாசம்டி. சுத்தத்தான் செய்யும்" என்றாள் அம்மா.

ரகுநாதன் மனைவியையும் பார்த்தார், மைத்துனனையும் பார்த்தார். "விமல், ஒரு சதுரம்தானே. வெட்டிப் பார்த்துட்டுப் போகட்டுமே..."

"அத்தான்! மாமன் சீர்ல ஓட்டை போட்டா நான் இப்பவே கிளம்பறேன். வளைகாப்பை நீங்களே நடத்திக்குங்க!"

வீடே கதிகலங்கியது. தாய்மாமன் கோபித்துக்கொண்டு போன வளைகாப்பில் யார் துணிந்து வளையல் அடுக்குவார்கள்? விடியற்காலையில் சம்யுக்தா குளித்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தபோது, "உள்ள இருக்கிற வாண்டு கராத்தே போடுது" என்று சிரித்தவன், மல்லிகைப்பூ வாங்க ஓடியவன், திரும்பி வராமல் அப்படியே போயிருந்தால்கூடத் தேவலை போல.

அந்த நேரம் பார்த்துக் 'கர்ர்ர்' என்றது ரம்பம்.

சுரேஷ்குமார் தட்டிப் பார்க்கவில்லை, அளக்கவில்லை. நாலாவது விளக்குக்குப் பக்கத்தில் நேராக இறக்கிவிட்டான்.

விமல் தாவி அவன் சட்டையைப் பிடித்தான். பட்டன் தெறித்தது, பை கிழிந்தது. கூடவே ஒரு சதுரத் துண்டும் தொப்பென்று விழுந்தது.

"யல்லா, சீக்கிரம், எல்லாரும் மேல பாருங்க!" என்றான் சுரேஷ்குமார்.

டார்ச் வெளிச்சத்தில் குழாயின் இணைப்பு கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. சுற்றிலும் கரி.

"புகை வெளிய போகவே இல்ல. சீலிங் வழியா பாத்ரூமுக்குள்ள இறங்கியிருக்கு. வாசனையே தெரியாத விஷம்மா இது. பொண்ணை உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க!"

சம்யுக்தாவின் கணவன் அர்ஜுன் காரைப் பறக்கவிட்டான். ஆக்ஸிஜன் வைத்துப் பரிசோதித்த டாக்டர், "தாயும் பிள்ளையும் சுகம். இன்னொரு குளியல் குளிச்சிருந்தா நான் இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்" என்றார்.

சாயங்காலம் வளையல் குலுங்கியது. தாய்மாமன்தான் முதல் வளையல் போட்டான், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

புளியோதரையில் முதல் தட்டை எடுத்துக்கொண்டு ஜெயபாரதி பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். "மெஹரு, என் பொண்ணு உசிரைக் காப்பாத்திட்டே. உன்னைக் கண்டபடி பேசிட்டேன்டி."

மெஹர்பானு விழித்தாள். "நானா? நான் யாருக்கும் போன் பண்ணலையே ஜெயா!"

வெளியே, குழாயைச் சரிசெய்து சீலிங்குக்குக் கதவும் வைத்துவிட்டு, சுரேஷ்குமார் வேனில் ஏறப்போனான். சாப்பாட்டுப் பொட்டலத்தோடு விமல் ஓடி வந்தான்.

கிழிந்த சட்டையைத் தடவிக்கொண்டே சுரேஷ்குமார் சொன்னான்:

"நல்லா இருக்கு சார் உங்க நியாயம். 'நான் போட்ட சீலிங்தான், கதவு வைக்காம விட்டுட்டேன், நாலாவது விளக்குக்குப் பக்கத்துல வெட்டுங்க, எங்க பொண்ணு தலை சுத்தி நிக்குது, ஓடி வாங்க, வீட்டுல மட்டும் என் பேரைச் சொல்லிடாதீங்க'ன்னு பூக்கடையில நின்னு போன்ல அழுதது நீங்க. சட்டை கிழிஞ்சது எனக்கு!"