நல்ல மீனாகக் கிடைக்கட்டும்

மீன் கிடைக்கவே கூடாது என்று வேண்டிக்கொண்டு நான் தூண்டில் வீசியது அன்றுதான் முதல்முறை.

எல்லாம் குன்வோரால் வந்தது. காலையில் படகுத்துறையில் நின்றுகொண்டு கட்டிய புருஷனை வாழ்த்தித் தொலைத்தாள்.

"போயிட்டு வாங்க. நல்ல மீனாக் கிடைக்கட்டும்."

ஸ்வீடனின் தென்கோடியில் இருக்கும் எங்கள் பிளேக்கிங்கே தீவுகளில் மீன்பிடிக்கப் போகிறவனை யாரும் வாழ்த்த மாட்டார்கள். வாழ்த்தினால் அன்றைக்கு ஒரு செதில்கூடத் தேறாது. திட்டித்தான் அனுப்ப வேண்டும். விவரம் தெரியாமல் வாழ்த்துகிறவர்கள் கோடையில் வந்துபோகும் வெளியூர்க்காரர்கள் மட்டும்தான்.

கல்யாணமான நாளிலிருந்து குன்வோர் என்னைத் திட்டித்தான் அனுப்பியிருக்கிறாள். "வெறுங்கையோட வந்து நில்லு!" கயிற்றை அவிழ்க்கும்போது ஒரு தரம், இன்ஜின் சத்தத்தையும் மீறி இன்னொரு தரம். அதைக் கேட்காமல் நான் துறையை விட்டுக் கிளம்பியதே இல்லை.

அன்றைக்கு என்னடாவென்றால் வாழ்த்து. அதுவும் வாங்க போங்க என்று.

கோபமாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். கோபம் வந்தால் சில பேருக்கு மரியாதை கூடிவிடும். என்ன செய்து தொலைத்தேன் என்று யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை.

வளைகுடாவில் வேறு படகே கிடையாது. ஏப்ரல் காற்று காதை அறுத்தது. அவள் கொடுத்தனுப்பிய பிளாஸ்கைத் திறந்தால் காபி இல்லை, வெறும் வெந்நீர்.

சரி, நல்ல கோபம்தான்.

வெந்நீரைக் குடித்துவிட்டு வீச ஆரம்பித்தேன். மீன் கிடைக்காவிட்டால் நல்லது. வாழ்த்தினாயே, உன்னால்தான் என்று போய்ச் சண்டை பிடிக்கலாம். அவளும் பதிலுக்குக் கத்துவாள். அப்படியாவது பேச்சு வந்துவிடும். குளிர்காலம் முழுக்க வீட்டில் பேச்சே இல்லை. ஏதோ சொல்ல ஆரம்பிப்பாள், பாதியில் நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்ப்பாள். அந்தச் சண்டை எனக்கு வேண்டியிருந்தது.

மான்வால் மயிரை வைத்து நானே கட்டிய பொய் இரை. கடித்துத் துண்டாக்காமல் இருக்க முனையில் கம்பி. பாசித்திட்டின் ஓரமாக விழுந்தது. நூலைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தேன். தண்ணீர் வெடித்தது.

பைக் மீன். மற்ற இடங்களில் ஏரியில் வாழ்கிற ஜாதி. எங்கள் கடலில் உப்பு பேருக்குத்தான் என்பதால் இங்கேயே குடும்பம் நடத்துகிறது. வாத்தின் அலகு மாதிரி மூஞ்சி, வாய் முழுக்கப் பல். படகைச் சுற்றிச் சுற்றி இழுத்தது. நூல் விரலை அறுத்தது. பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தால் என் இடுப்புயரம் இருந்தது. என் ஆயுசில் பிடித்ததிலேயே பெரியது.

சனியனே, வருவதற்கு உனக்கு இன்றைக்குத்தான் நாள் கிடைத்ததா என்று அதனிடம் கேட்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

சினைக்காலம். இடுக்கியால் கொக்கியை எடுத்து, வாலைப் பிடித்துக் கொஞ்ச நேரம் தண்ணீருக்குள்ளேயே வைத்திருந்தேன். அது நிதானமாகப் போனது. பார்க்க ஆளில்லை.

வழக்கமாகக் கரைக்கு வந்ததும் இரண்டு கைகளையும் அகட்டி மீனின் நீளத்தைக் காட்டுவேன். குன்வோர் கிட்டே வந்து, என் கைகளைப் பிடித்து இடைவெளியைப் பாதியாக்குவாள். இப்ப நம்பறேன் என்பாள்.

திரும்பி வந்தபோது துறை பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாள். என் கம்பளிச் சட்டையைப் போட்டிருந்தாள். ஏதாவது கிடைத்ததா என்று விசாரித்தாள்.

நான் கைகளை அகட்டவில்லை. எப்படியும் சண்டையை ஆரம்பித்துவிடுவது என்று பொய் சொன்னேன். ஒன்றுமே மாட்டவில்லை, காலையில் வாழ்த்தினாய் அல்லவா, அதன் பலன் என்றேன்.

அவள் சண்டைக்கு வரவில்லை. முகம் வாடிவிட்டது.

"ஐயோ, ஆமாங்க. தப்பு என்மேலதான். எங்க வீட்டுக்காரர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, திட்டுவார். கடலுக்குத்தான் போயிருக்கார், இப்ப வந்துடுவார்."

படகுக் கயிறு என் கையிலேயே இருந்தது. அதைக் கட்ட வேண்டும் என்று தோன்றவே கொஞ்ச நேரம் ஆனது.

கட்டி முடித்துவிட்டு, அவரை என்ன சொல்லி அனுப்புவீர்கள் என்று கேட்டேன்.

குன்வோர் சிரித்துவிட்டாள். எழுந்து துறையின் விளிம்புக்குப் போனாள். வாயருகே கைகளைக் குவித்துக்கொண்டு, ஆளில்லாத கடலைப் பார்த்துக் கத்தினாள். அதே குரல்.

"வெறுங்கையோட வந்து நில்லு!"

அவளுக்குப் பின்னால் நான் அப்படித்தான் நின்றுகொண்டிருந்தேன்.