சுல்தானின் சுற்றளவு

வைக்கோலை விலக்கிப் பீங்கான் நாயை வெளியே எடுத்ததும் சீமாட்டி வால்புர்காவின் முகம் சுண்டிப்போனது.

"ஏன்யா கோட்லோப், இது யார் வீட்டு நாய்?"

அவருடைய செல்ல நாய் சுல்தான் மடியில்தான் இருந்தது. மடி போதாமல் பாதி சுல்தான் பக்கத்து நாற்காலியில் இருந்தது.

ஈஸ்டர் சமயத்தில் சப்பை மூக்கிலிருந்து சுருட்டை வால்வரை நூல் பிடித்து அளந்து, அசல் அளவிலேயே நானே செய்த பீங்கான் உருவம் அது. அதில் மயிரளவும் பிழையில்லை. அறுவடைக்குள் நாய்தான் இரண்டு நாயாகியிருந்தது.

அதை எப்படிச் சொல்வது? சுல்தானைக் குண்டு என்ற சமையல்காரன் இப்போது எல்பே ஆற்றங்கரையில் படகு இழுக்கிறான். எனக்கோ மூன்று பெண் பிள்ளைகள். பின்னால் நின்ற பட்டறை மேலாளர் என் முதுகில் ஒரு குத்து விட்டார்.

"அம்மணி, இது... நம்ம சுல்தான் இளவட்டமா இருந்தப்போ" என்று வாய்க்கு வந்ததை உளறினேன்.

சீமாட்டிக்குக் கண் நிறைந்துவிட்டது.

"ஆமாய்யா! டிரெஸ்டன் ஊருப் பொட்டை நாயெல்லாம் பின்னாலேயே சுத்துமே, அதே ராஜா!" பீங்கானுக்கு முத்தம் கொடுத்தார். "இப்ப இருக்கிற மாதிரியும் ஒண்ணு செஞ்சு குடு."

போன உயிர் திரும்பி வந்தது. நூல் எட்டாமல் இன்னொரு நூலை முடிந்து அளந்தேன்.

சூளையில் வெந்தால் எங்கள் மண் ஆறில் ஒரு பங்கு சுருங்கிவிடும். அதனால் பச்சை மண்ணில் எதையும் பெரிதாகத்தான் பிடிப்போம். இது பட்டறை ரகசியம். வெளியே மூச்சு விட்டால் கோட்டைச் சிறைதான் என்று பைபிள்மேல் கைவைத்துச் சத்தியம் வாங்கியிருக்கிறார்கள்.

போன முறை போலவே, பச்சை மண் உருவத்தைப் பார்த்துச் சம்மதம் சொல்ல சீமாட்டி பட்டறைக்கு வந்தார். சுல்தானை இரண்டு பேர் தூக்கி வந்தார்கள்.

மண் நாயைப் பார்த்தார். சுல்தானைப் பார்த்தார். மறுபடியும் மண் நாயைப் பார்த்தார்.

"ஐயோ, போன தடவை மாதிரியே இப்பவும் இளைச்சுக் கிடக்கானே என் தங்கம்!" என்று பதறி வேலைக்காரி பக்கம் திரும்பினார். "அடியே, பாலாடையை எடுடி. இந்த அளவுக்கு வர்ற வரைக்கும் நிறுத்தக் கூடாது, ஆமா."

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

மேலாளர் மெல்ல இருமினார்.

மூடிக்கொண்டேன். சுல்தான் என் கையை நக்கியது.