கதவைச் சாத்திய பிறகு

ஹெவி மெட்டல் பாட்டின் உச்சத்தில் துவாரகன் தொண்டை கிழியக் கத்தியதும், மேல்மாடியில் இருந்த பாக்கியம் மாமி வெறுங்காலோடு நிலவறைக்கு ஓடிவந்தார்.

“ஆரடா செத்தது? ஊரிலை ஷெல் விழுந்திட்டுதோ?”

“ஒருத்தரும் சாகேல்லை மாமி. இது பாட்டு.”

“பாட்டோ! நாசமறுப்பாங்களே, எனக்கு உயிர் போயிட்டுது.”

மாமி முறையிட்டால் இந்த அகதி விடுதியில் அவர்களின் இசைக்குழுவுக்குப் பயிற்சி செய்ய வேறு இடமில்லை. துவாரகன் மன்னிப்புக் கேட்டான். மாமியோ சுவரில் ஒட்டியிருந்த தடித்த பஞ்சைத் தடவிப் பார்த்தார்.

“கதவைச் சாத்தினா வெளியிலை கேக்காதோ?”

“கேக்காது மாமி. இண்டைக்குச் சாத்த மறந்திட்டம்.”

மாமி கதவைச் சாத்தினார். சண்டையில் மகன் செத்த செய்தி வந்தபோதுகூட, பக்கத்து அறைக் குழந்தைகள் பயந்துவிடும் என்று வாயைப் பொத்திக்கொண்டவர் அவர்.

“அந்த மைக்கை இஞ்சாலை தா.”

துவாரகன் மைக்கை அவர் உயரத்துக்கு இறக்கினான். டிரம்ஸில் இருந்த அகிலன் குச்சிகளைத் தூக்கியபடி காத்திருந்தான்.