மூன்று புள்ளிகள்

தஸ்தகீர் லாரிக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். ஷாஃப்டின் ஜாயிண்ட் துருவேறி இறுகியிருந்தது. டீசல் ஊற்றி, சூடு காட்டி, ஓங்கி நாலு போட்டும் அசையவில்லை.

“எல்லாம் பொன்னுரங்கம் செஞ்ச வேலை பாய்,” என்று வெளியே நின்ற லாரி முதலாளி பொரிந்தார். “ரெண்டு வருசமா கிரீஸே அடிக்கல. கேட்டா, கிரீஸ் கன்னு உள்ள போகலங்கிறான். பதினெட்டு வருச டிரைவர்னும் பாக்கல, காலையில சாவிய வாங்கிட்டு அனுப்பிட்டேன்.”

தஸ்தகீர் ஜாயிண்ட்டில் அப்பியிருந்த சேற்றை வழித்தார். கிரீஸ் ஏற்றும் நிப்பிள் வெளியே பார்க்காமல் உள்பக்கம் திரும்பியிருந்தது. எந்தக் கன்னும் அங்கே நுழையாது. எந்தக் குருடன் மாட்டினானோ என்று முனகியபடி இன்னும் துடைத்தார். இரும்பில் மூன்று புள்ளிகள் தெரிந்தன. திரும்ப மாட்டும்போது இடம் மாறாமலிருக்க எல்லா மெக்கானிக்கும் புள்ளி வைப்பார்கள். மற்றவர்கள் ஒன்றோ இரண்டோ. மூன்று வைப்பது அந்த ஊரில் அவர் ஒருவர்தான்.

“கிரீஸ் இல்லாம காஞ்சுதானே கெடக்கு?” என்றார் முதலாளி.

“காஞ்சுதான் கெடக்கு.”

வழித்த சேற்றை அவருடைய கட்டைவிரல் மறுபடி புள்ளிகளின் மேல் தேய்த்துக்கொண்டிருந்தது.

சக்கரத்துக்கு அப்பால் இரண்டு கால்கள் வந்து நின்றன. கேபினில் விட்டுப்போன போர்வையை எடுக்க வந்த பொன்னுரங்கம் குனிந்து உள்ளே பார்த்தான்.

“பாய், நீங்களாவது சொல்லுங்க. கன்னு போகுமா அதுல?”

பதில் சொல்ல வாய் திறந்தவர் சுத்தியலை ஓங்கினார். காலையிலிருந்து அசையாத ஜாயிண்ட் அந்த அடியில் கழன்றது. செங்கல்பொடி போன்ற துரு மொத்தமும் அவர் வாய்க்குள் கொட்டியது.