எதிர்த்தரப்பு

"விடக் கூடாது மேடம்! அந்த பேங்க்கைக் கோர்ட்டுக்கு இழுத்து நாறடிக்கணும்!"

டைல்ஸ் கடைக்காரர் மேசையில் ஓங்கி அடித்தார். வக்கீலம்மாவின் டீ தட்டில் சிந்தியது.

"மேசை பேங்க்கோடது இல்லை சார், என்னோடது. உட்கார்ந்து சொல்லுங்க."

உட்கார்ந்தார். குரல் மட்டும் உட்காரவில்லை.

விஷயம் இதுதான். கடன் கட்டாத ஒருவரின் வீட்டை பேங்க் ஏலம் விட்டது. கடைக்காரர் ஏலம் எடுத்தார், முன்பணமும் கட்டினார். மீதியைக் கட்டப் போனபோது, "பழைய சொந்தக்காரர் கடனை அடைச்சுட்டார். ஏலம் ரத்து" என்று கையை விரித்துவிட்டார் மேனேஜர்.

"மாடிக்கு என்ன டைல்ஸ்னுகூட எடுத்து வச்சுட்டேன் மேடம். கிழக்குப் பக்கத்து ரூம் உனக்குத்தான்னு பையன்கிட்ட சொல்லிட்டேன். இத்தனை மாசம் தூங்கிட்டு, கடைசியில வந்து அவன் கட்டுவானாம், இவங்க வாங்கிப்பாங்களாம்! ஏலம் எடுத்தவன் என்ன கிறுக்கனா?"

வக்கீலம்மாவுக்கும் சுருசுருவென்று கோபம் ஏறியது. கூவிக் கூவி ஆள் பிடிப்பது, பணத்தை வாங்கிப் போட்டுக்கொள்வது, பிறகு போய் வா என்பது. இப்படி ஏமாந்து வந்து இதே நாற்காலியில் அழுதவர்களை அவர் பார்த்திருக்கிறார்.

"முதல்ல சட்டத்தைச் சொல்லிடறேன். முன்பணத்தை வட்டியோட திருப்பிக் கொடுத்தே ஆகணும். இழுத்தடிச்சா நான் வாங்கித் தரேன். வீடுதான் வேணும்னா ஒரே வழிதான். கடனை அடைக்க அவருக்கு ஒரு கெடு உண்டு. அதைத் தாண்டி பேங்க் பணத்தை வாங்கியிருந்தா, செல்லாதுன்னு வாதாடலாம்."

"வட்டி யாருக்கு வேணும்? எனக்கு அந்த வீடுதான் வேணும்!"

"ஏலம் உங்க பேர்லதானே?"

"பார்ட்னர் பேர்ல. பணம் என்னுது. வெளியில தெரிய வேணாம்னு..."

"சரி. கெடு தாண்டினாரான்னு பழைய சொந்தக்காரரையே கேட்டுடலாம்."

கேஸ் போடும் முன் எதிர்த்தரப்போடு ஒரு தடவை நேராகப் பேசிவிடுவது வக்கீலம்மாவின் பழக்கம். ஏல நோட்டீஸில் கடன்காரர் பெயருக்குக் கீழே இருந்த எண்ணை அழுத்தி ஸ்பீக்கரைப் போட்டார்.

"ஐயோ, அந்த ஆளுகிட்ட எதுக்கு மேடம்..."

அதற்குள் மறுமுனையில் எடுத்துவிட்டார்கள்.

"யாருங்க?"

"உங்க வீட்டை ஏலம் எடுத்தவரோட வக்கீல் பேசறேன். நீங்க சொல்றது உங்களுக்கு எதிராவே போகலாம். இஷ்டம் இருந்தா மட்டும் சொல்லுங்க. பேங்க்ல எப்ப பணம் கட்டினீங்க?"

"இதுல மறைக்க என்னம்மா இருக்கு? கெடு முடிஞ்ச மறுநாள் காலையில கட்டினேன். வேனை வித்த காசு கைக்கு வர லேட்டாயிடுச்சு. மேனேஜர் மனசு வச்சு வாங்கிக்கிட்டார்."

கேஸ் இருக்கிறது என்று வக்கீலம்மா கடைக்காரரைப் பார்த்துத் தலையசைத்தார். அவர் முகத்தில் சந்தோஷத்தைக் காணோம். பாம்பைப் பார்ப்பது போல போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொழைப்புக்கு இருந்த வேனையா வித்தீங்க? கைமாத்துக் கொடுக்கக்கூட ஆள் இல்லையா?"

"கூடப் பிறந்த தம்பி ஒருத்தன் இருக்கான்மா. கடை வச்சிருக்கான். அவன்கிட்டயும் போய் நின்னேன். 'கையில இருந்தா கொடுக்க மாட்டேனா அண்ணே'ன்னு கண் கலங்கிட்டான். பாவம், அவனுக்கு என்ன கஷ்டமோ! அதுக்கப்புறம் வீட்டுப் பக்கமே வரலை. அந்த ஏலம் எடுத்தவர்கிட்டயும் நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லுங்கம்மா. அவரும் குடும்பத்தோட ஆசைப்பட்டுத்தானே எடுத்திருப்பார்..."

"கட் பண்ணுங்க மேடம்!" கடைக்காரர் பாய்ந்து வந்து போனைப் பிடுங்கப் பார்த்தார். "போதும், கட் பண்ணுங்க!"

வக்கீலம்மா போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவர் கோபம் இப்போது பேங்கின் மேல் இல்லை.

அதற்குள் மறுமுனையில் குரல் அடையாளம் தெரிந்துவிட்டது.

"டேய் தம்பி! நீயாடா அது? எனக்காகப் பேச வக்கீல் வரைக்கும் போயிட்டியாடா?"